ஒரு பகலில் முதிரும் கள்

பொருநை எனப்பட்ட தாமிரபரணி பிறக்கும் பொதியில் மலையில், மூங்கில் குழாய்க்குள் ஊற்றிப் பழுக்கவைத்த தேறலைக் குறவர்கள் குடித்துவிட்டு, வேங்கை மரம் நின்ற முற்றத்தில் குரவையாடினார்கள் என்று புறநானூற்றின் 129ஆம் பாட்டு காட்டுகிறது. பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார்; பாடப்பட்டவன் அம்மலைக்கு உரிய ஆய் அண்டிரன். அதே ஆறு கடலில் கலந்த இடத்தில் இருந்த கொற்கையைப் பற்றி மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி பேசுகிறது. முத்துக்கும் சங்குக்கும் பெயர்போன அந்தத் துறைமுகத்தில், கள்ளையே உணவாகக் கொண்டவர்களின் பாக்கம் ஒன்று தனியே இருந்ததை அது மறக்காமல் சேர்த்துச் சொல்கிறது. ஆற்றின் தலைக்கும் வாய்க்கும் இடையே ஏறத்தாழ 125 கிலோமீட்டர். தலையில் குடித்தது முதிர்ந்த தேறல்; வாயில் குடித்தது அன்றன்றைய கள். தாமிரபரணிக் கரையின் குடி வரலாறு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

சங்க நூல்களில் குடிக்குப் பல பெயர்கள் உண்டு. கள், நறவு, மட்டு, பிழி, தோப்பி, தேறல் என்று அடுக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் எல்லாம் ஒன்றல்ல. தோப்பி அரிசியிலிருந்து வீட்டில் ஆக்கிய குடி. பிழி, பெயரே சொல்வதுபோல, பிழிந்து எடுத்தது. தேறல் என்பது தேறியது, அதாவது தெளிந்தது. மண்டி அடியில் தங்கும்வரை அசைக்காமல் வைத்து, மேலே நின்ற தெளிவை மட்டும் இறுத்து எடுத்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அதற்குப் பொறுமை வேண்டும். குடி முதிர்வதைச் சொல்லப் புலவர்கள் கையாண்ட வினை ‘பழுனுதல்’. பழம் கனிவதற்கும் அதுவே சொல். கபிலர் பாரியின் நாட்டைப் பாடும் புறநானூற்று 120ஆம் பாட்டில் மதுவை நிலத்தில் புதைத்துப் பழுக்கவைக்கும் வழக்கம் வருகிறது. மண்ணுக்கு அடியில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் எட்டுவதில்லை. ஐரோப்பியர் நிலவறை கட்டிச் சாதித்ததைப் பாரியின் பறம்பு மலைக்காரர்கள் ஒரு குழி தோண்டிச் சாதித்தார்கள்.

மலையில் தேறல் நின்று பழுத்ததற்கும் கடற்கரையில் கள் நிற்காமல் போனதற்கும் காரணம் மூலப்பொருளில் இருக்கிறது. மலைபடுகடாம் மூங்கிலில் விளைந்த தேன்கள்ளைப் பேசுகிறது. தேனில் சர்க்கரை மிகுதி, நீர் குறைவு. நீர் கலந்து ஊறவைத்தாலும் அது மெல்ல, வாரக்கணக்கில் நொதிக்கும். முடிவில் ஏறும் போதையும் அதிகம். போதை ஏறிய குடியைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் எளிதில் தொடமாட்டா. நல்ல தேறலின் வேகத்தைச் சீறும் பாம்போடு ஒப்பிடுகிறது சிறுபாணாற்றுப்படை. அதைக் கேட்டால், மூங்கிலுக்குள் இருந்தது இலேசான பானம் அல்ல என்று தெரிகிறது.

இந்த உள்ளூர்க் குடிகளோடு கி.பி. முதல் நூற்றாண்டையொட்டி இன்னொன்றும் வந்து சேர்ந்தது. கடலைச் சுற்றிய கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய ‘எரித்ரேயக் கடல் பயண நூல்’ கொற்கையைக் ‘கொல்கோய்’ என்று அழைத்து, அங்கே பாண்டியனுக்கு உரிய முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் இறக்கப்பட்டதைச் சொல்கிறது. புவியியலாளர் தாலமி கொல்கோயை வணிகத் துறையாகக் குறித்து, அருகே சோலேன் என்ற ஆற்றையும் வைக்கிறார். அது தாமிரபரணிதான் என்பது அறிஞர்கள் ஏற்ற முடிவு. அந்தப் பயண நூல் குஜராத்தின் பரிகாசா துறைமுகத்தில் இறங்கிய சரக்குகளைப் பட்டியலிடும்போது திராட்சை மதுவை முதலில் வைத்து, அதிலும் இத்தாலி நாட்டுச் சரக்குக்கே விருப்பம் அதிகம் என்று குறிப்பிடுகிறது. முசிறிக்கும் மது போயிற்று, ஆனால் கொஞ்சமாகத்தான். தமிழகத்துக் குடிமக்களுக்குச் சொந்தச் சரக்கு போதுமாக இருந்திருக்கும்.

கொஞ்சமாக வந்தது என்பதால்தான் அது அரசர்களின் கிண்ணத்துக்குப் போயிற்று. பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணக்கும் தேறலைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஊற்றித் தர அவன் நாள்தோறும் மகிழ்ந்திருக்கட்டும் என்கிறார். புறநானூற்றின் 56ஆம் பாட்டு இது. வெளிநாட்டு மதுவுக்கு நக்கீரர் புதுச்சொல் எதையும் தேடவில்லை. தேறல் என்றே சொல்லிவிட்டார். தெளிந்தது, முதிர்ந்தது என்ற இரண்டும் அதற்குப் பொருந்தின.

அந்த நல்ல கலங்கள் எவை என்பதை மண் காட்டிக்கொடுத்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது, இருபுறமும் கைப்பிடியும் கூர்ந்த அடியும் கொண்ட ஆம்போரா ஜாடிகளின் சில்லுகள் ஏராளமாக வெளிப்பட்டன. பின்னர் எலிசபெத் லைடிங் வில் என்ற ஆய்வாளர் அவற்றைப் பிரித்துப் பார்த்து, கிரேக்கத்தின் கோஸ் தீவிலிருந்து வந்தவை, இத்தாலியின் கம்பானியாப் பகுதியிலிருந்து வந்தவை என்றெல்லாம் அடையாளம் கண்டார். வெசுவியஸ் எரிமலையை ஒட்டிய கம்பானியாவின் களிமண்ணில் கறுப்பு எரிமலை மணல் மின்னும். அதை வைத்தே ஜாடியின் ஊர் தெரிந்துவிடும். வைகை முகத்து அழகன்குளத்திலும், கேரளத்துப் பட்டணத்திலும் இதே வகைச் சில்லுகள் கிடைத்தன.

அந்த மது எப்படி ருசித்திருக்கும்? இன்றைய புட்டியைத் திறந்து பார்த்து விடை சொல்ல முடியாது. ஜாடியின் உட்புறம் கசியாமல் இருக்கப் பைன் மரப் பிசினைப் பூசியிருந்தார்கள். ஆகவே குங்கிலியம் போன்ற ஒரு வாடை முதலில் நின்றிருக்கும். கோஸ் தீவு மதுவில் கடல்நீரையே கலந்தார்கள். கெடாமல் இருக்க அது ஒரு வழி, ருசிக்கும் அதை விரும்பினார்கள். நைல் ஆற்றில் படகிலும், பாலையில் ஒட்டகத்திலும், பிறகு ஆடிக்காற்றில் கப்பலிலும் வந்த ஜாடி, வழியெல்லாம் வெயிலில் காய்ந்தது. வெப்பம் மதுவின் வயதை வேகமாகக் கூட்டும். அலெக்சாந்திரியாவில் இளமையாக ஏறியது தமிழகத்துக் கரையில் இறங்கும்போது பழுப்பேறி, உலர்பழ வாடையோடு, கொஞ்சம் உப்பும் பிசினுமாக இருந்திருக்க வேண்டும். ரோமானியர் அதில் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள். பாண்டியன் கலந்தானா என்பதை நக்கீரர் சொல்லவில்லை.

இத்தாலியில் பழைய மதுவைப் பற்றிய பெருமை அப்போதே உச்சத்தில் இருந்தது. கம்பானியாவின் ஃபலெர்னிய மது பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆனால்தான் சிறப்பு என்பது பரவலான கருத்து. கி.மு. 121இல் ஒபிமியுஸ் ஆட்சிப்பொறுப்பில் இருந்த ஆண்டின் விளைச்சல், காலத்தால் புகழ்பெற்றது. ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து அதைப் பற்றி எழுதிய ரோமானிய எழுத்தாளர் பிளினி, எஞ்சியிருந்தது தேன்போல் கட்டியாகிவிட்டதாகவும், கரகரப்பான கசப்பு ஏறியதாகவும், நீர் கலக்காமல் குடிக்க முடியாததாகவும் குறித்திருக்கிறார். பழமைக்கும் ஒரு எல்லை உண்டு என்பதற்கு அதைவிடப் பழைய சான்று கிடைப்பது அரிது. இந்தியாவோடு நடந்த வணிகத்தில் ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டெர்ஸ் கரைந்ததாகப் புலம்பியவரும் இவர்தான். பனைவகை மரங்களிலிருந்து மது எடுக்கும் வழக்கம் இந்தியர்களிடமும் பார்த்தியர்களிடமும் இருப்பதையும் இதே நூலில் ஓரிடத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

இன்றைய இத்தாலியின் சிவப்பு மதுக்களில் நெடுங்காலம் நிற்பவை என்று பேர் வாங்கியவை பியமாந்தேப் பகுதியின் பரோலோவும், டஸ்கனியின் மோந்தால்சினோ ஊரின் புருனெல்லோவும். பரோலோ விற்பனைக்கு வருமுன் குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில், இருந்தாக வேண்டும் என்பது சட்டம். இளம் பரோலோவைக் குடித்தால் முதலில் தெரிவது துவர்ப்பு. பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல நாக்கும் ஈறும் வறண்டு பிடித்துக்கொள்ளும். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கிய டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உமிழ்நீரின் புரதத்தைப் பிடிப்பதால் வரும் விளைவு அது. புளிப்பும் உறைக்கும். அவற்றின் பின்னால் செர்ரி போன்ற பழ ருசியும், ரோஜாவும், தார் போன்ற ஒரு வாடையும் நிற்கும்.

ஆண்டு செல்லச் செல்லப் புட்டிக்குள் டானின் துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்து நீள்கின்றன, நிறப்பொருளோடும் சேர்கின்றன. கனம் கூடியதும் சில அடியில் வண்டலாகப் படிகின்றன. வாயைக் கவ்விய துவர்ப்பு தளர்ந்து, நன்றாக வேகவைத்த நெல்லிக்காயின் துவர்ப்பைப்போல மெல்ல நின்று இனிப்பில் முடிகிறது. நிறம் மாதுளையிலிருந்து செங்கல்லுக்கு மாறுகிறது. கிண்ணத்தின் விளிம்பில் முதலில் அது தெரியும். பத்து, பதினைந்து ஆண்டில் புதுப்பழ வாசனை போய், காய்ந்த ரோஜா இதழ், தோல், புகையிலை, மழைக்குப் பின் காட்டில் மட்கிய இலை ஆகியவற்றின் மணம் எழும். பிறகு சரிவு. பழத்தின் ருசி முற்றும் வற்றி, புளிப்பும் காய்ந்த வாடையும் மட்டும் மிஞ்சினால் அதன் காலம் முடிந்துவிட்டது. வண்டல் கலங்காமல் தெளிவை மட்டும் இன்னொரு குடுவைக்கு இறுத்துப் பரிமாறுவதும் இந்த முதிர்ச்சியின் சடங்கு. தேறல் என்ற சொல்லுக்கு இதைவிட நெருங்கிய உரை வேண்டியதில்லை.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் திராட்சைக்கொடி நிலைகொள்ளவில்லை. ஆற்றுப்பாசனம் கிடைத்த இடமெல்லாம் காரும் பிசானமும் விளைந்த நெல்வயல். ஆறு எட்டாத தெற்கில், சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளைப் பக்கம், செம்மணல் தேரிக்காடு. அங்கே நின்றது பனை. திராட்சை நட்ட மூன்றாம் ஆண்டு காய்க்கிறது; அதன் மது பத்தாண்டு காத்திருக்கிறது. பனை காய்ப்பதற்கே பதினைந்து, இருபது ஆண்டு ஆகும். அதன் கள் பத்து மணி நேரம் காத்திருக்காது. காலத்தை ஒன்று புட்டியில் செலவழிக்கிறது, மற்றொன்று மரத்தில்.

தை பிறந்ததும் பாளை வெளிவரத் தொடங்கும். ஆடி வரை பருவம். பனையேறி காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் அருவாப்பெட்டி கட்டி ஏறுவார். பாளையைக் கடிப்பால் இடுக்கி நசுக்கி, பாளை அருவாளால் நுனியை மெல்லிசாகச் சீவிச் சீவி, சில நாள் பழக்கிய பின்னரே நீர் சுரக்கும். ஆண்பனையிலும் பெண்பனையிலும் சுரக்கும். காலையும் மாலையும் ஏறிச் சீவாவிட்டால் வெட்டிய வாய் அடைத்துக்கொள்ளும். ஒருவர் நாளொன்றுக்குப் பல டஜன் முறை மரமேறி இறங்க வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுதான்.

சுரக்கும் நீரில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு சர்க்கரை உண்டு. சுண்ணாம்பு தடவாத கலயத்தில், முந்தைய நாளின் மண்டி ஒட்டியிருக்கும் பானையில், அது விழுந்த கணமே நொதிக்கத் தொடங்குகிறது. காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்டும், சைமோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்களும் போட்டி போட்டுக்கொண்டு சர்க்கரையை உண்கின்றன. விடியலில் இறக்கிய கள்ளில் இனிப்பு மேலோங்கியிருக்கும், நுரை நாக்கில் சுருக்கென்று குத்தும், பனம்பாளையின் பச்சை வாசனை மாறியிராது. வெயில் ஏறும்போது இனிப்பும் புளிப்பும் ஒரே அளவாக நிற்கும் ஒரு வேளை வரும். குடித்துப் பழகியவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். உச்சி சாய்ந்தால் இனிப்பு கரைந்து, புளிப்பு தூக்கி, போதை நூற்றுக்கு ஐந்து பங்கையொட்டி ஏறி, ஒருவகை நாற்றமும் சேர்ந்து கடுங்கள் ஆகும். மறுநாள் அது காடி. சமையலுக்கு ஆகும், குடிக்க ஆகாது. பரோலோ இருபது ஆண்டில் நடக்கும் பாதை முழுவதையும், இளமை, நடுவயது, தளர்ச்சி, முடிவு என்று, பனங்கள் ஒரு பகலுக்குள் நடந்து முடித்துவிடுகிறது. ஒரே மரத்துக் கள்ளைக் காலையில் குடித்தவரும் மாலையில் குடித்தவரும் வெவ்வேறு பானத்தைக் குடித்தவர்கள்.

‘பழைய கள், புதிய மொந்தை’ என்று மேடைகளில் அடிக்கடி கேட்கும் தொடர் இந்த மண்ணில் முளைத்தது அல்ல. பழைய மதுவுக்குப் பெருமை உள்ள ஊரிலிருந்து வந்து வேட்டி கட்டிக்கொண்டது. பழைய கள்ளை மொந்தையில் ஊற்றிக் கொடுத்தால் பனங்காட்டில் யாரும் வாங்கமாட்டார்கள்.

கள்ளைக் கட்டிவைக்க முடியாதவர்கள் அதன் சர்க்கரையைக் கட்டிவைக்க வழி கண்டார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பைத் தடவினால் நீர் காரமேறி, ஈஸ்ட் வேலை செய்ய முடியாமல் நிற்கிறது. இறங்கி வருவது பதநீர். திருநெல்வேலிப் பேச்சில் பதனி. அதை விடிலி என்னும் ஓலைக் குடிசையில், பெண்கள் வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். காய்ந்த மட்டையும் உடைமர விறகும் எரியும். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவது வழக்கம். பாகு பதமானதும் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ எட்டு லிட்டர் பதனி வேண்டும். சுக்கு முதலியவை சேர்த்தால் சில்லுக்கருப்பட்டி. பாகைப் பானையில் ஊற்றி வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் பனங்கற்கண்டு விளையும். கற்கண்டு விளையும் பானையை நிலத்தில் புதைக்கும் வழக்கமும் உண்டு. கபிலர் கண்ட குழி இனிப்புக்குக் கைமாறியதுபோல் இருக்கிறது.

முதிர்ச்சி என்று இந்தப் பக்கத்தில் ஏதேனும் இருந்தால் அது கருப்பட்டியில்தான் இருந்தது. கருப்பட்டி காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் வியர்த்து இளகிவிடும். அதனால் ஓலைப்பெட்டியிலும் கொட்டானிலும் கட்டி, அடுப்புக்கு மேலே உள்ள பரணில், புகை படும்படி வைத்தார்கள். பருவத்தில் விலை இறங்கும், மழைக்காலத்தில் ஏறும். வைத்து விற்றவருக்கு ஆதாயம். வைத்திருந்த கருப்பட்டி நிறம் கறுத்து, முனைப்பான இனிப்பு அடங்கி, அடியில் இலேசான உப்பும் கருகல் கசப்பும் புகைவாடையும் தெரியத் தொடங்கும். புதுக்கருப்பட்டியைக் காபிக்கும், பழையதை மருந்துக்கும், வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கிண்டும் உளுந்தங்களிக்கும் என்று பிரித்துப் பார்த்த வீடுகள் இருந்தன. மதுவின் வயதை ஆண்டைச் சொல்லி விலைபேசும் இத்தாலியனைப்போல் கருப்பட்டியின் ஆண்டை யாரும் எழுதிவைக்கவில்லை. பழசா, புதுசா என்ற ஒரே கேள்வியோடு கணக்கு முடிந்தது.

கடலோரத்தின் வணிகம் இதற்குள் இடம் மாறியிருந்தது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கொற்கை கடலை இழந்து உள்நாட்டு ஊரானது. துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மது குடிப்பவரின் பிணையை அங்கே யாரும் ஏற்பதில்லை என்று வியப்போடு எழுதினார். அவர் வந்தது வெனிசிலிருந்து. குடிப்பது ஒருவரின் வாக்கைக் கெடுக்கும் என்பது அவருக்குப் புதிது. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் படித்து வளர்ந்த ஊருக்கு அது புதிதல்ல. கொற்கையின் கள்ளுப்பாக்கத்துக்கும் இந்தக் கண்டிப்புக்கும் இடையில் ஆயிரம் ஆண்டும், சமணத்தின் செல்வாக்கும் கிடக்கின்றன.

காயலும் மண்மூடியபின் ஆற்றின் முகத்துவாரத்துப் புன்னைக்காயல் போர்ச்சுக்கீசியரின் இடமாயிற்று. திருப்பலிக்குத் திராட்சை மதுதான் வேண்டும் என்பது கத்தோலிக்கச் சபையின் விதி; ஆகவே நக்கீரர் காலத்துக்குப் பிறகு அந்த மது மீண்டும் பொருநை முகத்துக்கு வந்தது, இம்முறை பலிபீடத்துக்கு மட்டும். பரதவர் ஊர்களில் தங்கியிருந்த பிரான்சிஸ் சவேரியார் 1544இல் தம் உதவியாளர் மன்சில்லாஸுக்கு எழுதிய கடிதங்களில், சாராயம் குடிக்கும் பெண்களுக்குத் தண்டமும் சிறையும் விதிக்கச் சொல்கிறார். கள்ளை வடித்துச் சாராயமாக்கும் வழக்கம் கரையில் அதற்குள் வேரூன்றியிருந்தது. கடலுக்கு அப்பால் இலங்கையில் தென்னங்கள்ளை வடித்த சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் வைத்து முதிரவிடும் தொழில் பின்னாளில் வளர்ந்தது. திருநெல்வேலிச் சாராயத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வடித்த சூட்டோடு விற்றுத் தீர்ந்தது.

சீர்திருத்தச் சபையார் வந்தபோது மதுவுக்குத் தமிழில் இன்னொரு பெயர் நிலைபெற்றது. 1820 முதல் பாளையங்கோட்டையில் இருந்து விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்திய ரேனியஸ் காலத்துத் தமிழ்க் கிறிஸ்தவ உலகில் ‘திராட்சரசம்’ புழங்கியது. பிழிந்த சாற்றுக்கும் நொதித்த மதுவுக்கும் ஒரே சொல்லாக அது நின்றது. புது ரசத்தைப் பழைய துருத்தியில் வார்க்கக் கூடாது என்ற உவமையைக் கேட்ட தேரிக்காட்டு மக்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. நொதிக்கும் கள் கலயத்தின் மூடியைத் தூக்குவதை அவர்கள் அன்றாடம் கண்டவர்கள்.

1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல், 1849இல் பனையேறிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நாடார் சமூகத்தின் கடும் எதிர்ப்பைச் சந்தித்த நூல் அது. அதன் சமூகத் தீர்ப்புகள் நியாயமற்றவை. ஆனால் தொழிலைப் பற்றி அது தரும் செய்தி முக்கியமானது: தெற்குத் திருநெல்வேலியில் பனைநீரின் பெரும்பகுதி கள்ளாகவில்லை, கருப்பட்டியாகவே காய்ச்சப்பட்டது. ஆங்கில அரசின் ஆப்காரி என்னும் மதுவரி வருவாய் கள்ளையும் சாராயத்தையும் குத்தகைக்கு விட்டு வளர்ந்தது. 1886இன் சென்னை ஆப்காரிச் சட்டம் அதை முறைப்படுத்தியது. சுண்ணாம்பிட்ட பதனி அந்த வரிக்குள் வரவில்லை. குலசேகரன்பட்டினத்தில் பாரி நிறுவனத்தார் கருப்பட்டியைச் சுத்திகரித்து வெள்ளைச் சர்க்கரையாக்கும் ஆலை வைத்தார்கள். திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், திசையன்விளை ஊர்களை இணைத்து ஒரு சிற்றிருப்புப்பாதையும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஓடியது. பரணில் புகை தின்ற கறுப்புக்கட்டி அங்கே ருசியும் வயதும் இல்லாத வெள்ளைத் தூளாக மாறியது. 1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம், கள்ளிறக்குவதை விட்டுவிடும்படி தன் சமூகத்தாரிடம் பிரசாரம் செய்தது.

மதுவிலக்கு 1937 அக்டோபர் 1இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி அரசால் தொடங்கி, விடுதலைக்குப் பின் 1948இல் சென்னை மாகாணம் முழுவதையும் மூடியது. கள்ளிறக்கிய பலர் பதனிக்கு மாறினர். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகின. 1971இல் கள்ளுக்கடைகள் திரும்பின, 1974இல் மூடின, 1981இல் மறுபடி திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் குற்றம். 1983இல் தொடங்கிய அரசு மது நிறுவனமான டாஸ்மாக் 2003இல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. ஊர்வழக்கில் ‘ஒயின் ஷாப்’ என்று பெயர் பெற்ற கடைகளில் விற்பதில் பெரும்பகுதி ஒயின் அல்ல, பிராந்தியும் பீரும். நக்கீரர் சொன்ன தேறலுக்கும் அந்தப் பெயர்ப்பலகைக்கும் உறவு இல்லை.

1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்ததால், பழைய திருநெல்வேலியின் பனங்காட்டில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போயிற்று. 2021இன் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைச் சர்க்கரை கலந்த போலிக் கருப்பட்டி சந்தையில் மலிந்திருக்கும் காலத்தில் அந்தக் குறியீட்டுக்கு வேலை இருக்கிறது. ஏறுவதற்குத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

பொதியில் மலையின் மேற்குச் சரிவில், கேரளத்தில், உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் திறந்திருக்கின்றன. கிழக்குச் சரிவில் சட்டத்தின் கண்ணுக்குப் பதனியும் கள்ளும் பிரியும் இடம் கலயத்தின் உட்புறச் சுண்ணாம்பு. மாசி, பங்குனியில் திருச்செந்தூர்ச் சாலையோரம் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுக்கும் பதனிக்கும் அந்தச் சுண்ணாம்பு சில மணி நேரத்தைத்தான் வாங்கித் தருகிறது. வெயில் ஏறுவதற்குள் அதை விற்றாக வேண்டும். மிஞ்சியது விடிலிக்குப் போகும்.